எழுபத்திரண்டில் ஒன்று

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பின்னால்
பகலில் பல் செய்கிறேன்.
டாக்டர்கள் அனுப்பும் வாய்களின் அச்சு
அலமாரியில் வரிசையாகத் திறந்திருக்கும்,
எதையோ சொல்ல வந்து மறந்துபோனவர்கள் மாதிரி.

இரவு ஒன்பதுக்கு மேல்
அதே அரம், அதே சின்ன டிரில்,
அதே அக்ரிலிக் வாடை.
தாடை இருந்த இடத்தில் ஓர் இறக்கை.

எழுபத்திரண்டில் ஒன்று என்பது அளவு.
அந்தக் கணக்கில் என் உயரம்
இரண்டேகால் சென்டிமீட்டர்.
வீட்டுக்கடன் மட்டும் சுருங்க மறுக்கிறது.

வாம்பயர் முடித்தேன், ஹண்டர் முடித்தேன்.
நாட் என்றால் கொசு மாதிரி ஒரு பூச்சியாம்;
ஊர்க்கொசு மொத்தமும் சுற்றி நின்று பார்க்க
அதையும் ஒட்டினேன்.
அதன் விமானி அறையில்
ஊசிமுனையால் உயரமானிக்கு முள் வரைய
ஐந்து இரவு.
பிறகு கண்ணாடிக் கூண்டைக் கவிழ்த்து மூடிவிட்டேன்.
இனி ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.
கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தையும்
அப்படித்தான் மெருகேற்றுவேன்.
அதையாவது நாக்கு தொட்டுப் பார்க்கும்.

காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒருமுறை,
குக்கர் மூடிகளுக்கும் பழைய பெல்ட்டுகளுக்கும் நடுவே
நசுங்கிய அட்டைப்பெட்டி. ஊராகான்.
பிரெஞ்சில் புயல் என்று அர்த்தம்.
நம் படையில் சேர்ந்தபோது தூஃபானி,
அதுவும் புயல்தான்.
யாரோ பாதி ஒட்டி விட்டிருந்தார்கள்.
வழிந்து காய்ந்த பசைமேல், வாலருகே,
ஒரு சின்னக் கட்டைவிரலின் ரேகை.
இருநூறு சொன்னான், நூற்றிருபதுக்குப் படிந்தது.
முறைப்படி உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கவேண்டும்.
மேலேயே வெள்ளி அடித்தேன்.
விளக்கைச் சாய்த்தால் இன்றைக்கும் தெரிகிறது,
பேர் தெரியாத பொடியன், அல்லது பொடிச்சி.

மச்சினன் கல்யாணத்துக்குப் பெங்களூர் போனபோது
பந்தியில் பாயசம் வருமுன் எழுந்து
பட்டுவேட்டியோடு மியூசியத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.
மாருத்.
ஒன்றுக்கு ஒன்று அளவில்.
இத்தனை நாள் குனிந்தே பார்த்த ஒன்றை
அண்ணாந்து பார்க்கக் கழுத்துக்குத் தெரியவில்லை.
சக்கரக் கதவின் விளிம்பு
நான் வைத்த கோணத்தில் இல்லை.
விசனமாக இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை.

கூடவே வந்திருந்த குமுதவல்லி
இறக்கை நிழலில் செருப்பைக் கழற்றி நின்று கேட்டாள்:
"இந்த ஜாதி எத்தனை பேரைக் கொன்னிருக்கும்?"

எனக்கு இறக்கையின் நீளம் தெரியும்.
பீரங்கி நான்கு, அதன் விட்டம் தெரியும்.
எந்தப் படைப்பிரிவுக்கு எந்த வால் நிறம்,
எந்த வருஷம் எந்த ஆணி மாற்றினார்கள், தெரியும்.
"பார்த்துச் சொல்றேன்" என்றேன்.
மூன்று வருஷம் ஆகிறது.
அவளும் மறுபடி கேட்கவில்லை;
சனிக்கிழமைதோறும் பழைய பல்துலக்கியால்
எல்லாவற்றுக்கும் தூசி தட்டுகிறாள், மூக்கிலிருந்து வால்வரை.

தொழில் புத்தி, வாய் என்றால் எட்டிப் பார்த்துவிடும்.
காற்றை இழுக்கும் அந்த வாய்க்குள்
விரல் கொடுக்காமல் பார்த்தேன்.
மைனா கூடு.
வைக்கோல், ஜரிகைத் துணுக்கு, ஒரு பஸ் டிக்கெட்.
காவலாளி விசில் ஊதினார்.

ஊர் வந்ததும் துடைப்பத்தில் ஒரு குச்சி உருவி
பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சீவினேன்.
கல்யாணப் புடவையின் ஜரிகை கொஞ்சம்
(கேட்கவில்லை, எடுத்தேன்).
இடுக்கியால் என் மாருத்தின் தொண்டையில் வைத்தேன்.

சென்னைப் போட்டியில் நடுவர் டார்ச் அடித்துப் பார்த்து
"உள்ளே குப்பை" என்று எழுதி
மூன்று மதிப்பெண் குறைத்தார்.
நிஜத்திலும் குப்பைதான் சார் என்று
வாய்வரை வந்தது.

திரும்பும் பஸ்ஸில், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக
மடியில் ஸ்வீட் டப்பா, அதற்குள் விமானம்.
மரக்காணம் தாண்டி ஒரு வேகத்தடை.
வீட்டில் திறந்தால்
மூக்கு நுனிக் குழாய் ஒடிந்திருந்தது.
கூடு அப்படியே இருந்தது.

குழாயை அடுத்த வாரம்தான் பார்க்கவேண்டும்.
லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மேல்தாடை வந்திருக்கிறது,
பேத்தி கல்யாணமாம், வெள்ளிக்குள் வேண்டுமாம்.